கேட்டால்தான் மாத்திரையா?

உங்கள் வீட்டில் ஒரு ஆணுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்ததாக வைத்துக்கொள்வோம். சித்தப்பாவோ, பெரியப்பாவோ, யாரோ ஒருவர். மறுநாள் காலை போய்ப் பாருங்கள். ராஜா மாதிரி படுத்திருப்பார். ஒரு பக்கம் சாத்துக்குடி ஜூஸ், இன்னொரு பக்கம் பேப்பர். தலையணையைச் சரிசெய்ய சித்தி. "அசையாதீங்க, தையல் பிரிஞ்சுடும்" என்று அதட்ட அத்தை. ஒரு வாரத்துக்குத் தண்ணீர்க் குடத்தின் பக்கம்கூட விட மாட்டார்கள்.

அதே ஆஸ்பத்திரியில் அடுத்த மாடியில் ஒரு பெண்ணுக்கு சிசேரியன். தோல், கொழுப்பு, தசைமேல் இருக்கிற உறை, வயிற்றுச் சவ்வு, கடைசியாகக் கர்ப்பப்பை... வரிசையாகத் திறந்து, குழந்தையை எடுத்து, தைத்து அனுப்பியிருக்கிறார்கள். சில மணி நேரத்தில் அவளை எழுந்து உட்காரச் சொல்கிறோம். நடக்கச் சொல்கிறோம். ரெண்டு மணிக்கொரு தரம், மூணு மணிக்கொரு தரம் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுக்கச் சொல்கிறோம். பார்க்க வருகிறவர்களிடம் சிரித்துப் பேசவும் வேண்டும். கொஞ்சம் முகம் கோணினால் அதே அத்தை இங்கேயும் ஆஜர். "நாங்கள்லாம் பெத்துக்கலையா?"

பெத்துக்கிட்டீங்க அத்தை. ஆனால் உங்கள் வயிற்றை யாரும் கிழிக்கவில்லை!

நடக்கச் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. சீக்கிரம் எழுந்து நடப்பது நல்லது. பிரசவத்தை ஒட்டிய நாட்களில் ரத்தம் சீக்கிரம் உறையும். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் கட்டி உண்டாகி, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பால் கொடுப்பதும் உடனே வேண்டியதுதான். என் கேள்வி ஒன்றே ஒன்று. இவ்வளவு வேலையும் வாங்குகிறோமே, அதைச் செய்கிற அளவுக்கு வலியைக் குறைத்துவிட்டு வாங்குகிறோமா?

சிசேரியன் வலி என்ன அப்படிப் பெரிய வலியா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஜெர்மனியில் 105 மருத்துவமனைகளில், 50,000 நோயாளிகளுக்கு மேல், ஆபரேஷன் முடிந்த மறுநாள் "எவ்வளவு வலிக்கிறது, மார்க் போடுங்கள்" என்று கேட்டார்கள். 2013ல் வெளியான ஆய்வு. மொத்தம் 179 வகை ஆபரேஷன்கள். அதில் சிசேரியனுக்கு 9வது இடம். சிசேரியனைவிடப் பெரிய வயிற்று ஆபரேஷன்கள் பல, வலிப் பட்டியலில் அதற்குக் கீழே இருந்தன. காரணம் என்ன தெரியுமா? பெரிய ஆபரேஷன் என்று பயந்து அவர்களுக்கு வலி மருந்தைத் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள். "சின்ன ஆபரேஷன்தானே" என்று நினைத்த இடத்தில்தான் ஆட்கள் துடித்திருக்கிறார்கள்.

அது ஜெர்மனி. நம் ஊருக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 64. அரசு ஆஸ்பத்திரியில் 36. இத்தனை சிசேரியன் தேவையா என்பது வேறு சண்டை. அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சண்டை நடக்கிறவரை இந்தப் பெண்களுக்கு வலிக்காமல் இருக்கப் போவதில்லை. சொல்லப் போனால் "சிசேரியன் தப்பு" என்று பேசுகிற கூட்டத்தில் சிலருக்கு ஒரு குரூர திருப்தியே உண்டு. கஷ்டப்படாமல் பெற்றாய் அல்லவா, இப்போது அனுபவி என்று! கத்தியை எடுக்கச் சொன்னது அவளா?

கோளாறு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் கேஸ் ஷீட் தொங்குமே, அதில். பல கேஸ் ஷீட்டுகளில் வலி மாத்திரைக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து இருக்கும்: எஸ்.ஓ.எஸ். கப்பல் மூழ்கும்போது அடிக்கிற அபாயச் செய்தி இல்லை இது. லத்தீன். 'சி ஓபஸ் சிட்'. தேவைப்பட்டால் என்று அர்த்தம்.

தேவை என்று யார் சொல்ல வேண்டும்? அவள் சொல்ல வேண்டும்.

அவள் சொல்ல மாட்டாள். முதல்முறை பிள்ளை பெற்ற 23 வயதுப் பெண், பக்கத்தில் மாமியார், எதிர்க் கட்டிலில் சத்தமே போடாமல் படுத்திருக்கும் இன்னொருத்தி. பல்லைக் கடித்துக்கொள்வாள். முடியாமல் போகும்போது அம்மாவிடம் சொல்வாள். அம்மா சிஸ்டரைத் தேடிப் போவார். சிஸ்டர் பிரசவ அறையில் இருப்பார். வந்ததும் "டாக்டரைக் கேட்டுட்டுத் தர்றேன்" என்பார். டாக்டர் தியேட்டரில். அப்புறம் ஒரு சீட்டு எழுதி, "கீழ மெடிக்கல்ல வாங்கிட்டு வாங்க" என்பார்கள். புருஷன் டீ குடிக்கப் போயிருப்பான். மாத்திரை வந்து, விழுங்கி, அது வேலை செய்ய இன்னொரு அரை மணி, முக்கால் மணி. இதற்குள் வலி உச்சாணிக் கொம்பில் ஏறி உட்கார்ந்துவிடும். ஏறிவிட்ட வலியை இறக்குவதற்கு, ஏறாமல் தடுப்பதைவிட அதிக மருந்து வேண்டும். மயக்க டாக்டர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார்.

நர்ஸ்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ராத்திரி டியூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறவர் அவர். அவரிடம் "கேட்டால் கொடு" என்று எழுதிவைத்தால் கேட்டால்தான் கொடுப்பார். "6 மணி, 12 மணி, 6 மணி, 12 மணி" என்று எழுதிவைத்தால் ஆன்டிபயாடிக் ஊசி மாதிரியே அதையும் மணியடித்தாற்போல் கொடுத்துவிட்டுப் போவார். ஆன்டிபயாடிக்குக்கு யாராவது எஸ்.ஓ.எஸ். எழுதுகிறார்களா? கிருமி வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்கிறார்களா?

சரி, எந்த முறை நல்லது? இதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இது புரிந்தால்தான் நீங்கள் டாக்டரிடம் கேள்வி கேட்க முடியும்.

சிசேரியன் வலி ஒரே வலி இல்லை. வெட்டுக்காயத்தின் வலி ஒன்று. இருமினால், சிரித்தால், புரண்டால் சுரீர் என்று இழுப்பது. கர்ப்பப்பை சுருங்குகிற வலி இன்னொன்று. குழந்தை மார்பில் வாய் வைத்ததும் அடிவயிற்றில் முறுக்குமே, அது. இரண்டாவது பிரசவத்தில் இன்னும் ஜாஸ்தி. மூன்றாவதாக, வயிற்றில் காற்று கட்டிக்கொள்கிற உபத்திரவம். மூன்றும் மூன்று வழியில் வருகிறவை. அதனால் ஒரே மருந்தால் மூன்றையும் மடக்க முடியாது. 'இது நல்லதா, அது நல்லதா' என்ற கேள்வியே பாதி தப்பு. சாம்பாருக்குப் பருப்பு நல்லதா, புளி நல்லதா என்று கேட்பது மாதிரி.

முதலில் முதுகு ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக, முதுகுத் தண்டில் மெல்லிய ஊசியால் போடுவது. அந்த மரப்பு ரெண்டு, மூணு மணி நேரம் இருக்கும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்து வந்தவுடன் பார்க்கப் போனால் அவள் தெம்பாகப் பேசுவாள். "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கா" என்று சொந்தக்காரர்கள் திருப்தியாக பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் இங்கே மரப்பு விட்டிருக்கும்.

அந்த முதுகு ஊசியிலேயே ஒரு துளி மார்ஃபின் சேர்த்துப் போடலாம். புதுத் துளை கிடையாது, புது ஊசி கிடையாது. 100 மைக்ரோகிராம் போதும். அதாவது ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு. கணக்குப்படி ஒரு கிராம் மார்ஃபின் 10,000 தாய்மார்களுக்குக் காணும். அந்தத் துளி, முதல் இரவு முழுக்கக் காவல் நிற்கும். பல பேருக்கு 24 மணி நேரம்கூட. இவ்வளவு குறைந்த அளவில் தாய்ப்பாலுக்குப் போவது ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். 2021ல் 'அனஸ்தீஷியா' என்ற மருத்துவ இதழில் 'பிராஸ்பெக்ட்' என்ற நிபுணர் குழு, உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை அலசிப் பரிந்துரைகள் வெளியிட்டது. அதில் முக்கிய இடம் இந்த ஊசிக்குத்தான்.

தொந்தரவு இல்லையா? உண்டு. உடம்பு அரிக்கும், சிலருக்கு மிக அதிகமாக. குமட்டும். மிக அபூர்வமாக, சில மணி நேரம் கழித்து மூச்சு மந்தமாகலாம். அதனால் ராத்திரி முழுக்க யாராவது வந்து மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும். பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத தனி மருந்தாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் போடாமல் இருப்பதே சரி. ஆனால் வழி இருந்தும் போடாத இடங்களைப் பற்றி என்ன சொல்ல? "மார்ஃபினா, ஐயோ லைசென்ஸ், ரிஜிஸ்டர், இன்ஸ்பெக்டர்" என்று கையை விரிக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு தகவல். 1985ல் வந்த போதைப் பொருள் சட்டத்தை, நோயாளிகளுக்கு மார்ஃபின் எளிதாகக் கிடைக்கட்டும் என்றுதான் 2014ல் பார்லிமென்ட் திருத்தியது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க லைசென்ஸோடு அபினி விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசாங்கமே அபினித் தொழிற்சாலை நடத்தி வந்திருக்கிறது. விளைகிற ஊரில், வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்திருப்பவளுக்கு ஒரு துளி கிடையாது!

அடுத்தது, இந்தக் கட்டுரையின் கதாநாயகர்கள். பாரசிட்டமால். அதோடு டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரோஃபென். கேட்டதும் சிரிக்கிறீர்கள், தெரியும். ஜுரத்துக்குப் போடுகிற மாத்திரையா என்று. எஸ்.ஓ.எஸ்.ஸில் ஒன்று கொடுத்தால் சிரிக்கத்தான் வேண்டும். இரண்டு வகையையும் சேர்த்து, முழு அளவில், நேரப்படி, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் முதல் சில நாட்கள் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொள்ளும். முக்கியமாக, கர்ப்பப்பை முறுக்குகிற அந்த வலி இருக்கிறதே, அதற்கு டைக்ளோஃபெனாக் வகைதான் சரியான ஆள். அந்த முறுக்கலுக்குக் காரணமான புரோஸ்டகிளாண்டின் என்ற ரசாயனத்தையே உடம்பு தயாரிக்காமல் தடுக்கிறது. வாந்தி எடுப்பவர்களுக்கு ஆசனவாயில் வைக்கிற மாத்திரையாகவும் இருக்கிறது. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பாரசிட்டமாலும் இந்த வகை மாத்திரையும், ஒழுங்கான இடைவெளியில். ஒரு வேளை பாரசிட்டமாலின் விலை, வார்டு வாசலில் புருஷன் குடிக்கிற டீயைவிடக் குறைவு.

இப்போது சில பெரிய ஆஸ்பத்திரிகளில் 'டாப் பிளாக்' என்று ஒன்று சொல்கிறார்கள். ஸ்கேன் மிஷினில் பார்த்து, இடுப்பின் இரண்டு பக்கமும் தசை அடுக்குகளுக்கு நடுவே மரப்பு மருந்து செலுத்துவது. காயத்து வலியை நன்றாக அடக்கும். ஆனால் கர்ப்பப்பை வலியை அது தொடாது. மார்ஃபின் ஊசி போட்டவளுக்கு இதையும் போடுவதால் பெரிதாகக் கூடுதல் லாபம் இல்லை. மார்ஃபின் போட முடியாத இடத்தில்தான் இதற்கு மதிப்பு. ஸ்கேன் மிஷின் இல்லாத சின்ன ஊரில்? தையல் போடும் டாக்டரே காயத்தின் ஓரங்களில் மரப்பு மருந்தை ஏற்றிவிடலாம். ஐந்து நிமிஷ வேலை. பட்டனை அமுக்கினால் மருந்து இறங்குகிற பம்ப், முதுகில் டியூப் வைத்து நாள் முழுக்க மருந்து விடுவது, இதெல்லாமும் உண்டு. வலி குறையும். ஆனால் டியூபும் பம்புமாகக் கட்டிப்போட்டால் அவள் எழுந்து நடப்பது எப்போது?

பிறகு டிரமடால். நம் ஊரில் பல பேருக்குப் பிடித்த ஊசி. தலை சுற்றும், குமட்டும். புதுத் தையலோடு வாந்தி எடுத்துப் பார்த்தவளுக்குத்தான் அது என்ன தண்டனை என்று தெரியும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு டிரமடாலும் கோடீனும் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் எச்சரித்தது. சிலருடைய உடம்பு இவற்றை அதிவேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடும். அது பால் வழியாகக் குழந்தைக்குப் போய்த் தூக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம் என்பது காரணம். வேறு வழியே இல்லாதபோது, டாக்டர் கண்காணிப்பில், ஒன்றிரண்டு வேளை என்றால் அது அவர் முடிவு. பாரசிட்டமாலை ஒழுங்காகக் கொடுக்காமல், வலி உச்சத்துக்குப் போனபிறகு நேரே டிரமடாலுக்குத் தாவுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

ஒரு சந்தோஷமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 'பிராஸ்பெக்ட்' பரிந்துரையில், வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற பெல்ட்டும் இருக்கிறது. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிடும் நம் பாட்டிகளை எத்தனை பேர் கேலி செய்திருப்போம்! (இறுக்கிக் கட்டினால் தொப்பை போகும் என்று பாட்டி சொன்னதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.) சிசேரியன் ஆனவர்கள் எப்போது, எவ்வளவு இறுக்கமாகக் கட்டலாம் என்று மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஆட்சேபணைகள். "மாத்திரை சாப்பிட்டா பால் வழியா பிள்ளைக்குப் போயிடும்." பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் பாலில் போவது மிகச் சொற்பம். தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கென்றே டாக்டர்கள் தேர்ந்தெடுக்கிற மாத்திரைகள் இவை. வலியில் பக்கவாட்டில்கூடத் திரும்ப முடியாதவள் எப்படிப் பால் கொடுப்பாள் என்று யோசித்தீர்களா? அப்புறம் "பால் பத்தலை" என்று பவுடர் டப்பா வாங்க ஓடுவதும் நீங்கள்தான்.

"முதுகுல ஊசி போட்டதால ஆயுசுக்கும் முதுகு வலி." தமிழ்நாட்டில் இதைச் சொல்லாத தெரு இல்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆயுசுக்கும் வருகிற முதுகு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்ப காலத்திலேயே ஏராளமான பெண்களுக்கு முதுகு வலி உண்டு. பிறகு குனிந்தே பால் கொடுத்து, குனிந்தே குளிப்பாட்டி, குனிந்தே துணி அலசி... பழி மட்டும் ஊசி மேல்.

"வலியைப் பொறுத்துக்கிறவதான் தாய்." இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் கோபம் வருகிறது. 2008ல் 1,288 தாய்மார்களைப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு வந்தது. சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டும் அதில் உண்டு. பிரசவம் ஆன முதல் நாளில் கடும் வலி அனுபவித்தவர்களுக்கு, எட்டு வாரம் கழித்தும் வலி நீடிக்கிற வாய்ப்பு இரண்டரை மடங்கு. மன அழுத்தம் வருகிற வாய்ப்பு மூன்று மடங்கு. வலிதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கூட்டாளிகள் என்று சொல்லலாம். "பிள்ளை பெத்ததிலேர்ந்து ஒரு மாதிரி இருக்கா, யார்கிட்டயும் பேச மாட்டேங்கறா" என்று மூன்றாம் மாதம் கோயிலில் மந்திரிக்க அழைத்துப் போகிறோமே, அந்தப் பெண்ணிடம் முதல் ராத்திரி வார்டில் யாராவது "வலிக்குதாம்மா?" என்று கேட்டோமா?

தனியார் ஆஸ்பத்திரி பேக்கேஜ் நோட்டீஸ்களைப் பாருங்கள். ஏ.சி. ரூம் உண்டு. கேக் உண்டு. குழந்தையை காய்கறிக் கூடையில் வைத்து போட்டோ எடுக்க ஆள் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் வலிக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு வரி இருக்கிறதா? நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். ரூமில் டி.வி. இருக்கிறதா என்று கேட்டிருப்பீர்கள்.

அதனால் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்தபிறகு இல்லை, முன்னாலேயே. மயக்க டாக்டர் ஒரு நிமிஷம் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாரே, அப்போது பிடித்துக்கொள்ளுங்கள். "முதுகு ஊசியில மார்ஃபின் சேர்ப்பீங்களா டாக்டர்? சேர்க்கலைன்னா வேற என்ன செய்வீங்க? வலி மாத்திரையை எஸ்.ஓ.எஸ்.னு எழுதாம மணி போட்டு எழுதுவீங்களா?" இந்த மூன்று கேள்வி போதும். உங்கள் பெண்ணுக்கு அல்சர், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு, பிரசவத்தில் ரத்தக் கொதிப்பு, அதிக ரத்தப்போக்கு, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமை இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். டைக்ளோஃபெனாக் வகை சிலருக்கு ஆகாது. நீங்களாக மெடிக்கலில் வாங்கி அளவைக் கூட்டிக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். மாத்திரையையும் மீறி வலி கூடிக்கொண்டே போனாலோ, ஜுரம் அடித்தாலோ, தையலில் சீழ் வந்தாலோ அது மாத்திரை விஷயம் இல்லை. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கணவன்மார்களுக்குத் தனியாக ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு முடித்துவிட்டீர்கள் என்றால் அதே செல்போனில் டாக்டர் எழுதித் தந்த மணிக்கெல்லாம் அலாரம் வையுங்கள். நடுராத்திரி 12 மணிக்குமா, தூங்குகிறவளை மாத்திரைக்காக எழுப்புவதா என்று தயங்க வேண்டாம். உங்கள் பிள்ளை பதினொன்றரைக்கே எழுப்பியிருக்கும்.